தோரணம் பக்கம் சாய்ந்த கடைவீதி

ஓடைப்பாளையம் கடைவீதி வடக்குப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூக்காரம்மாவின் கூடையிலிருந்து கொட்டிய எலுமிச்சம்பழங்கள் யாரும் உதைக்காமலே உருண்டு போய் வடக்கு வரிசைக் கடைகளின் படிகளில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நாங்கள் பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தோம், கொடுத்துவிட்டு, நேற்று முற்றத்தை விட்டுத் தோரணத்துக்குப் போன கடை எது என்று விசாரித்தோம். வீதி ஏன் சாய்கிறது என்று எவரும் கேட்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் வியாபாரத்தை யார் பார்ப்பது.

தோரணம், முற்றம் என்று இரண்டு கம்பெனிகள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன, கடைக்காரர் பெயரில் இணையத்தில் ஒரு கடையைக் கட்டிக் கொடுக்கும், அதில் சேலையைப் படம் எடுத்துப் போட்டால் துபாயில் உட்கார்ந்திருப்பவர்கூட வாங்கலாம். எங்கள் ஊரில் ஒருவர் நைட்டிக் கடை போட்டு நாலு பேர் உள்ளே நுழைவதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டால் போதும், அடுத்த தை பிறப்பதற்குள் அந்த வரிசை முழுக்க நைட்டி தொங்கும். ஆனால் எதிர் வரிசைக்காரன் செய்ததை மட்டும் செய்துவிட மாட்டார்கள், வடக்கு வரிசை ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தால் தெற்கு வரிசை சுண்டல்தான் கொடுக்கும். அதனால் சேலைக் கடைத் திருமூர்த்தி தோரணத்தில் கடை கட்டியதும் வடக்கு வரிசை மொத்தமும் அவன் பின்னால் தோரணத்துக்குப் போனது, அந்த ஒரே காரணத்துக்காகத் தெற்கு வரிசை மொத்தமும் நாலு மாடி ஜவுளிக்கடை செங்கோடன் பின்னால் முற்றத்துக்குப் போனது, அதுவரைக்கும் வீதி மட்டமாகத்தான் இருந்தது.

இரண்டு வரிசைக்கும் கடையைக் கட்டிக் கொடுத்தவள் கோகிலவாணி. வீதி முனையில், எந்த வரிசையிலும் சேராமல் கிழக்கே பார்த்து இருக்கும் ஜெராக்ஸ் கடை அவளுடையது, முனையில் இருந்ததாலேயே அவளை இரண்டு பக்கமும் நம்பியது. இணையக் கடை திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கும் கைபேசிக்கு ஓடிபி என்று ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும், அதைச் சொன்னால்தான் வேலை நடக்கும். சேலையை உதறிக் காட்டி விலை பேசிக்கொண்டிருக்கும் மனுசனுக்கு நடுவில் போனை எடுத்துக் கண்ணாடி மாட்டி எண்ணைப் படிக்க எங்கே நேரம், "உன்ற நம்பரையே போட்டுக்க வாணி" என்று ஒருவர் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர் சொல்ல, கடைசியில் வீதி முழுக்க அத்தனை கடையும் அவளுடைய ஒரே நம்பரில் பதிவாகியிருந்தது. வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுக்க ஆயிரம் யோசிப்பவர்கள் இதைக் கொடுத்துவிட்டுத் தலைவலி விட்டது என்று போனார்கள். அவளும் கேட்டவருக்குக் கேட்ட எண்ணைச் சொன்னதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை.

மாநிலத்தில் பத்துக் கடையில் ஆறு தோரணத்தில்தான் இருக்கிறது என்று பேப்பரில் வட்டமாகப் படம் போட்டு வந்தது. அதைக் கத்தரித்து டீக்கடைத் தூணில் யாரோ ஒட்டினார்கள். முற்றத்தில் வாடகை குறைவு, படமும் சீக்கிரம் திறக்கும், தெற்கு வரிசைக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும், தெரிந்து என்ன, எல்லோரும் இருக்கிற இடத்தில் நாம் இல்லையே என்ற எண்ணம் ஒருவனுக்கு வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கொலுசுக் கடைக்காரர் முதலில் மாறினார், வீதி சாய்ந்தது, எலுமிச்சம்பழம் உருண்டது. அடுத்து ஜமுக்காளக் கடை மாறியது, வீதி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. சாய்ந்த வீதியில் வாங்க வந்தவர்கள் தங்களை அறியாமலே வடக்குப் பக்கமாக நடந்தார்கள், அதைப் பார்த்துத் தெற்கில் இன்னும் இரண்டு பேர் மாறினார்கள்.

நாங்கள் பழகிக்கொண்டோம். கட்டிலின் வடக்குக் கால்களுக்குச் செங்கல் வைத்தோம், கல்லாவின் இழுப்பறைக்குக் கொக்கி போட்டோம். டீக்கடைக்காரர் டம்ளரை முக்கால் நிரப்பி முழு டீக்குக் காசு வாங்கினார், கேட்டால் தெருவைக் காட்டினார். வண்டிகளின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதற்காகத் தேர் நிறுத்தும் முட்டியில் கிடந்த கட்டைகளை எடுத்து வந்தோம், எடுத்ததைத் திருப்பி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாண ஊர்வலத்தில் போட்டோக்காரர் கேமராவைச் சாய்த்துப் பிடித்து மாப்பிள்ளையை நிமிர்த்தினார். மழைத் தண்ணீர் வடக்கே போனது, நாய்கள் வடக்கே போய்ப் படுத்தன, செல்போன் சிக்னல்கூட வடக்கே வழிந்துவிட்டதால் தெற்கு வரிசைக்காரர்கள் வீதிக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கி எதிர்வரிசைப் படியில் நின்று பேசிவிட்டு மேலே ஏறினார்கள். முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்து மட்டக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீதி சரியாக இருக்கிறது, குழாய்தான் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். காலை எழுந்ததும் தங்கம் விலை கேட்பது போல, இன்று தோரணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

கோகிலவாணிக்கு மட்டும் பழகவில்லை. அவளுடைய தங்கை தமயந்தியைத்தான் திருமூர்த்தி கட்டியிருந்தான், அவர்கள் வீடு வடக்கு வரிசையின் நடுவில், வீதியிலேயே தாழ்ந்துபோன இடத்தில் இருந்தது. நேர் எதிரே செங்கோடனின் நாலு மாடிக் கடை. தெற்குப் பக்கம் மேலே தூக்கத் தூக்க அந்தக் கட்டடம் வீதிக்குக் குறுக்கே குனிந்துகொண்டே வந்து, ஆடி பிறந்தபோது அதன் பெயர்ப்பலகை தமயந்தி வீட்டு ஓட்டுக்கு நேர் மேலே தொங்கியது, அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. தமயந்திக்குப் பெண் குழந்தை பிறந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, பச்சை உடம்புக்காரி முப்பது நாள் கழியாமல் தெருவைத் தாண்டக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தாயும் பிள்ளையும் அந்த நிழலுக்குக் கீழேயே கிடந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நாங்கள் அண்ணாந்து பார்த்து நடையை எட்டிப் போட்டோம், கடந்து போனதும் மறந்துவிடுவோம்.

தெற்கு வரிசையில் மீதியிருந்த கனம் எல்லாம் செங்கோடன் கடைதான். அவர் ஒருவர் மாறினால் வீதி முழுசாகச் சாய்ந்துவிடும் என்பது கணக்குத் தெரியாதவனுக்கும் தெரியும், அவர் மாறுவதென்று முடிவு செய்துவிட்டதும் தெரியும். ஒரு திங்கட்கிழமை மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"ஏனம்மிணி, நம்பர் வந்திருக்குமே. சொல்லு."

"வந்திருக்குதுங்க. சொல்ல மாட்டனுங்க."

செங்கோடன் தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"நீங்க மாறுனா உங்க கட்டடம் தமயந்தி வீட்டு மேல உளுந்துருமுங்க. உள்ள புள்ள இருக்குது."

"எட்டு வருசமா நிக்கிற கட்டடம். எஞ்சினீயரு பார்த்து நல்லாருக்குதுன்னு சொல்லியிருக்காரு."

"அவரு பார்க்கறப்ப தெரு மட்டமா இருந்துச்சுங்க."

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "எனக்கு ஆடிப்பெருக்குக்குச் சரக்கு வந்து எறங்கியிருக்குது அம்மிணி, வடக்கால இருக்கறவன் எல்லாம் வித்துட்டிருக்கான், நான் மட்டும் மேல நின்னு வேடிக்கை பார்க்கட்டுமா" என்று நிதானமாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரியும். எண்ணை மட்டும் சொல்லவில்லை.

விஷயம் வீதி முழுக்கப் பரவியது. அவள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள், பிறகு எடுக்கவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருமூர்த்தி வந்தான். தோரணம் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒரு வீதி முழுக்கத் தோரணத்துக்கு வந்துவிட்டது என்று வீடியோ எடுக்கப் போகிறார்கள், அதில் முதலில் பேசப்போவது அவன்தான், அந்தப் பெருமை முகத்தில் இருந்தது, கூடவே பயமும் இருந்தது.

"அண்ணி, போனு உங்களுது. ஆனா கடை அவருதுங்க."

"தெரியுமுங்க மாப்ள."

"தெரிஞ்சும் இப்புடிப் பண்ணுனா நாளைக்கு யாரு உங்கள நம்புவாங்க?"

"தமயந்தியையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயி கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் வெச்சிருங்க. இந்த நிமிசமே நம்பரச் சொல்றேன்."

"முப்பது கழியலைன்னு அம்மா விடமாட்டீங்கறாங்க." அவன் வெளியே பார்த்தான், அவனுடைய வீட்டின் மேல் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை குனிந்திருந்தது. "அதுவுமில்லாம, நானே வீட்டக் காலி பண்ணிட்டுப் போனா, தோரணத்துக்கு இழுத்துட்டு வந்தவனே பயந்துட்டான்னு ஊரு பேசுமுங்க. அப்புறம் எவன் இருப்பான் அதுல?"

"அப்ப பயமாத்தான் இருக்குது."

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் மாறிவிட வேண்டும் என்று செங்கோடன் நாள் குறித்திருந்தார். அன்று காலை கோகிலவாணியின் போன் ஒரு தரம் அதிர்ந்தது. செங்கோடன் ஆதாரையும் ஜிஎஸ்டி பத்திரத்தையும் முற்றம் கம்பெனிக்கு அனுப்பித் தன் கடையிலிருந்து அவளுடைய நம்பரை நீக்கிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார், அந்தச் செய்திதான் வந்திருந்தது. இனி அவள் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெளியே பேண்டு வாத்தியம் கேட்டது, தோரணம் என்று நெஞ்சில் எழுதிய மஞ்சள் பனியன்காரர்கள் மாலையோடு வடக்கு வரிசைப் படிகளில் நின்றார்கள், நாங்கள் எல்லோரும் கயிறுகளைப் பிடித்தபடி கூடியிருந்தோம். எல்லோருடைய கண்ணும் விரிசலைப் பார்த்தது, வாய் மட்டும் ஆடித் தள்ளுபடியைப் பற்றிப் பேசியது.

கோகிலவாணி கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினாள். சரிவில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து, புடவை முழங்காலில் கிழிந்து, தங்கை வீட்டு வாசற்படியில் போய் மோதித்தான் நின்றாள். அவள் கடையில் சிக்னல் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை, ஒன்றிரண்டு செய்தி தட்டுத் தடுமாறி வரும், ஆனால் இன்றைக்குத் தட்டுத் தடுமாற நேரமில்லை, வீதியின் சிக்னல் எல்லாம் வழிந்து தேங்கியிருந்தது அந்தத் தாழ்ந்த வீட்டில்தான். உள்ளே தமயந்தி செங்கல் வைத்த கட்டிலில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருந்தாள். மாமியார் பின்கட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் முழுக்க எதிர்க்கடையின் பெயரில் இருந்த 'செ' என்ற ஒரு எழுத்துதான் தெரிந்தது.

"அக்கா, வெளிய என்ன சத்தம்?"

கோகிலவாணி போனில் எதையோ திறந்தாள். எழுந்து உட்கார்ந்த தமயந்தி, திரையில் தன் கணவன் கடையின் பெயரைப் பார்த்தாள்.

"எங்க கடையா அது?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. முற்றத்துக்கு மாத்தறேன். வடக்கால பெரிய கனம் உங்க கடைதான், அது இந்தப் பக்கத்த உட்டுப் போனாத்தான் அவரு கனம் வந்தாலும் தெரு தாங்கும்."

தமயந்தி ஜன்னலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை எடுத்து மடியில் போட்டு, தன் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாற்று என்று கோகிலவாணி அழுத்தினாள், எண்ணை அனுப்பியிருக்கிறோம் என்று கம்பெனி சொன்னது, எண் வரவில்லை. வெளியே பேண்டு நின்றது. மஞ்சள் பனியன்காரர்களுக்கு நடுவில் நின்ற செங்கோடன் போனை எடுத்து உயர்த்திக் காட்டியதையும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் அழுத்தியதையும் நாங்கள் பார்த்தோம், அடுத்து வீதிக்கு அடியிலிருந்து மாட்டு வண்டி அச்சு முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. மஞ்சள் பனியன்காரர்கள் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். நாலாவது மாடியிலிருந்து ஒரு பொம்மை, பட்டுச்சேலை கட்டியபடியே வந்து தமயந்தி வீட்டு வாசலில் விழுந்து உடைந்தது. திருமூர்த்தி அப்போதுதான், வீடியோவை மறந்து, ஊர் என்ன பேசும் என்பதையும் மறந்து, தமயந்தி தமயந்தி என்று கத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான், கால் நிற்காமல் சரிவில் உருண்டான். உள்ளே ஓடுகள் உதிர ஆரம்பித்தன, மாமியார் பின்கட்டிலிருந்து ஓடிவந்து மருமகளின் மேல் கவிழ்ந்துகொண்டார், ஜன்னல் கம்பியைப் பெயர்ப்பலகை தொட்டது, அந்த நேரத்தில்தான் எண் வந்தது. கோகிலவாணி அடித்ததில் ஓர் இலக்கம் தப்பாக விழுந்தது, அழித்து மறுபடியும் அடித்தாள்.

கட்டடம் நின்றது. வீட்டு ஓட்டுக்கும் பெயர்ப்பலகைக்கும் நடுவில் ஒரு பூனை நுழையலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம். செங்கோடனின் கனம் தெற்கிலிருந்து வடக்குக்கு வர, திருமூர்த்தியின் கனம் வடக்கிலிருந்து தெற்குக்குப் போக, வீதி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிள்ளை அதற்குப் பிறகுதான் அழுதது, அந்த அழுகைச் சத்தம் கேட்டு எங்களில் சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்து நடந்ததை எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள், திருமூர்த்தி கடை முற்றத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி வடக்கு வரிசை முழுக்கப் பரவியது. திருமூர்த்தி எதையும் காரணமில்லாமல் செய்ய மாட்டான், செங்கோடனை இங்கே வரவழைத்துவிட்டு அவன் நைசாக அங்கே போயிருக்கிறான் என்றால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் மாறினார், அதைப் பார்த்து அவருக்கும் பக்கத்துக் கடைக்காரர் மாறினார், கோகிலவாணி கடை முன்னால் ஓடிபி கேட்டுத் தள்ளுமுள்ளு ஆனது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீதி மட்டமாகிவிட்டது, செங்கோடன் கட்டடம் முதுகை நிமிர்த்திக்கொண்டது, டீக்கடைக்காரர் டம்ளரை முழுசாக நிரப்ப வேண்டியதாயிற்று.

திருமூர்த்தி கையில் கட்டோடு வந்தான். அவ்வளவு கூட்டமும் அவனுக்கு வழி விட்டது.

"அண்ணி, எங்கடைய மாத்துனது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க மாப்ள."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவன் கொடுத்திருக்க மாட்டான், அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்களில் ஒருவர்கூட அப்போது பிள்ளையை நினைக்கவில்லை. தங்கை புருசன் கடையையே கேட்காமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தவள், நம் கடையை என்ன வேண்டுமானாலும் செய்யலாமே என்பதுதான் ஒவ்வொருவருக்கும் தோன்றியது, அப்படித் தோன்றியது தப்பு என்றும் சொல்ல முடியாது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

மறுநாள் காலையில் கோகிலவாணி கடை முன்னால் வரிசை நின்றது. வடக்கும் தெற்கும் முதல் தடவையாக ஒரே வரிசையில் நின்றார்கள், எல்லோருக்கும் ஒரே வேலை, அவளுடைய நம்பரை நீக்கிவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டுக்கொள்வது. பத்திரங்களை அனுப்பி அலையாமல் நீக்க வேண்டுமென்றால் அவளுக்குத்தான் ஓடிபி வரும், அவள்தான் சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக, காதில் விழாதவருக்கு இரண்டாம் தடவையும் சொன்னாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சிலர் போகும்போது வர்றேன் என்று மட்டும் சொன்னார்கள். பத்து வருசமாக நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருந்த போன் அந்த வாரக் கடைசியில் அடங்கிவிட்டது, அவள் அதை மேசை மேல் வைத்துவிட்டு அவ்வப்போது எடுத்துப் பார்த்து வைத்தாள், அதைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

முப்பது கழிந்த அன்று தமயந்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக வீதியில் நடந்து வந்தாள். பக்கத்தில் திருமூர்த்தி வந்தான். அவன் கடை ஒன்றுதான் இன்னும் கோகிலவாணியின் நம்பரில் பாக்கி இருந்தது. அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, "நம்பர் மாத்தோணுமுங்க" என்றான்.

"மாத்திக்கலாமுங்க" என்று கோகிலவாணி போனை எடுத்தாள். அவன் தன் போனில் அழுத்தினான். அவள் கையில் இருந்தது அதிர்ந்தது, அவள் படிப்பதற்காக வாயைத் திறந்தாள்.

"படிக்காத அக்கா" என்றாள் தமயந்தி. கணவனைப் பார்த்து, "அக்கா நம்பரே இருக்கட்டுமுங்க" என்றாள்.

"நாளைக்கு மறுபடியும் கேக்காம எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கறதுக்குத்தான் இருக்கட்டுங்கறேன்."

திருமூர்த்தியின் போனில் எண்ணுக்கான கட்டம் காலியாகத் திறந்திருந்தது. அவன் அதை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கோகிலவாணி கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கினாள்.